வளைதலும் விலைபோதலும்

அறத்தில் வழுவாது நிற்றல் என்பது யாது? எவ்விடத்தும் எவர்க்கும் எள்ளளவும் இணங்காமையா? அன்றி, இணங்க வேண்டிய இடத்து இணங்கி, இணங்கலாகாத இடத்து நிமிர்ந்து நிற்றலா? முன்னதே மானம் என்பார் உளர். பின்னதே விவேகம் என்பார் உளர். முன்னவரைப் பின்னவர் பிடிவாதக்காரர் என்பர்; பின்னவரை முன்னவர் துரோகிகள் என்பர். இவ்வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியிலும் இருந்தது. நம் சங்கப் புலவர் வாழ்ந்த ஊர்களிலும் இருந்தது. நம் பாட்டனார், தந்தையார் காலத்துத் திருகோணமலையிலும் இருந்தது.

திருவள்ளுவர் 'மானம்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவரே 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். மானம் போவதாயின் உயிரையும் விடலாம் என்று கற்பிக்கும் நூல்தான், அதிகாரம் உடையாரோடு தீக்காய்வார் போல அளவறிந்து பழகும் முறையையும் கற்பிக்கின்றது. ஒரு நூலுள் இவ்விரண்டும் இருத்தல் முரணாகாதோ என்று மாணவர் வினவுவதுண்டு. முரணன்று என்பதே என் துணிபு.

எங்கள் உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். வாடை வீசும் மாரி காலத்தில் அதன் முகம் வடகிழக்கை நோக்கும்; கச்சான் வீசத் தொடங்கியதும் தென்மேற்கை நோக்கும். முகம் திரும்பியது கொண்டு கப்பல் இடம்பெயர்ந்தது என்று சொல்வாரில்லை. சங்கிலியை ஓரளவு நெகிழ விட்டாலன்றி நங்கூரம் மண்ணைக் கவ்வி நில்லாது என்பதைக் கடலோடிகள் அறிவர். ஆயினும், நங்கூரம் மண்ணை விட்டுக் கிளர்ந்துவிட்டால் கப்பல் முன்போலவே அமைதியாகத் தோன்றும். சிறிது சிறிதாகப் பாறையை நோக்கி நகரும். உள்ளே இருப்பவர்க்கு அது உடனே தெரிவதில்லை. காற்றுக்குத் திரும்புதல் எது, நங்கூரம் கிளர்ந்து நகர்தல் எது என்று பிரித்தறிவதே நம் முன் உள்ள வினா.

தூண் மண்டபத்தார்

கி. மு. 300-ஐ ஒட்டிய காலத்தில், சைப்பிரஸ் தீவிலிருந்து ஏதென்ஸ் நகருக்கு வந்த சீனோ என்பார், ஓவியம் தீட்டப்பெற்ற ஒரு தூண் மண்டபத்தில் இருந்து பாடம் சொன்னார். அவ்வகை மண்டபத்துக்குக் கிரேக்க மொழியில் 'ஸ்தோவா' என்று பெயர். அதனால் அவர்வழி வந்தோர் ஸ்தோயிக்கர் எனப்பட்டனர். நம் நாட்டில் திண்ணையிலிருந்து பாடம் சொன்ன பள்ளிக்குத் திண்ணைப் பள்ளி என்று பெயர் வந்தது போன்றதே இது.

நன்மை என்பது அறம் ஒன்றே. தீமை என்பது அதன் மறுதலை ஒன்றே. செல்வமும் வறுமையும், புகழும் இகழ்ச்சியும், நலமும் நோயும், ஏன், வாழ்வும் சாவுங்கூட, நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. ஸ்தோயிக்கர் கொள்கையின் சாரம் இதுவே. ஆயினும் இவ்விரண்டுமல்லாதவற்றுள்ளே விரும்பிக் கொள்ளத்தக்கன சில, விலக்கத்தக்கன சில என்று ஒரு வாயிலையும் அவர்கள் திறந்து வைத்தனர். நோயினும் நலத்தைத் தேர்ந்து கொள்ளலாம். வறுமையினும் செல்வத்தை ஏற்றுக்கொள்ளலாம். அறம் மட்டும் கெடலாகாது. மனிதர் வாழ இவ்வாயில் வேண்டும். மனிதர் வழுக்கி விழுவதும் இவ்வாயிலிலேதான்.

வழுக்கியவருள் பெரியவர் செனக்கா. நீரோ சிறுவனாயிருந்தபோது, கி. பி. 49-இல், அவனுக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். 54-இல் அவன் பேரரசனானபின் அமைச்சர் போல் உடனிருந்தார். அரண்மனைப் படைத் தலைவன் புர்ரசும் இவரும் சேர்ந்து இளம் அரசனைச் சில ஆண்டுகள் ஓரளவு அடக்கி வைத்தனர். அவ்வாண்டுகளில் குடிகள் நல்லாட்சி பெற்றனர். அவர் அரசனுக்கென்று எழுதிய நூலொன்று கருணையைப் பற்றியது. இவ்வளவும் அவர் கணக்கில் வரவு.

செலவும் உண்டு. துறவின் பெருமை பேசிய அவர் உரோமாபுரியின் பெருஞ்செல்வருள் ஒருவரானார். நான்கே ஆண்டில் முப்பது கோடி காசு எவ்வாறு சேர்ந்தது என்று பகைவர் கேட்டதை வரலாற்றாசிரியர் தாசித்தஸ் எழுதி வைத்திருக்கின்றார். இதனையும் பொறுக்கலாம். 59-ஆம் ஆண்டில் நீரோ தன்னைப் பெற்ற தாயைக் கொல்வித்தான். அவளே தன்னைக் கொல்லச் சூழ்ந்தாள் என்று நியாயங்காட்டி ஆட்சிமன்றத்துக்கு ஒரு திருமுகம் விடுத்தான். அதனை எழுதிக் கொடுத்தவர் செனக்கா என்று அக்காலத்தோர் பழித்தனர் என்பதையும் தாசித்தசே குறிக்கின்றார்.

அன்று அத்திருமுகம் படிக்கப்பட்டபோது மன்றத்தார் போட்டியிட்டுக் கொண்டு அரசனுக்குச் சிறப்புகளை மொழிந்தனர். திராசியா என்னும் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார். இவரும் ஸ்தோயிக்கரே. ஒரே கொள்கையைக் கற்ற இருவருள் ஒருவர் திருமுகத்தை எழுதினார். மற்றவர் அதனைக் கேட்டிருக்கவும் மறுத்தார்.

ஆதலின் திராசியா வளையாதவர், செனக்கா வளைந்தவர் என்று முடித்துவிடலாமா? முடித்தல் ஆகாது. 62-இல் அந்திஸ்தியஸ் என்பவன் அரசனை இகழ்ந்து பாட்டுக் கட்டினான் என்று குற்றஞ்சாட்டப்பட்டான். கொலைத் தண்டனை விதிக்க மன்றம் முற்பட்டது. அப்பொழுது திராசியா எழுந்து, முதலில் அரசனை மிகப் புகழ்ந்தார்; புகழ்ந்தபின், இத்தகைய நல்லரசன் காலத்தில் நாடு கடத்தலே போதுமான தண்டனை என்று வாதித்தார். மன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. ஓர் உயிர் தப்பியது. நீரோவைப் புகழ்ந்த நா அவரிடமும் உண்டு. செனக்காவின் சொல் செய்த கொலையை மறைத்தது. திராசியாவின் சொல் செய்யப்படவிருந்த கொலையைத் தடுத்தது. வேறுபாடு இங்கே இருக்கின்றது.

முடிவில் இருவரும் ஒரே கையால் அழிந்தனர். செல்வம் முழுவதையும் திருப்பித் தருகின்றேன், விடை கொடு என்று செனக்கா 62-இல் வேண்டினார், நீரோ விடவில்லை. 65-இல் சாகும்படி கட்டளை வந்தது, கலங்காமல் இறந்தார். அடுத்த ஆண்டு திராசியாவுக்கும் அதுவே வந்தது. மூன்றாண்டுகளாக மன்றத்துக்கு வரவில்லை என்பது அவர்மேல் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. மௌனமும் குற்றமாகிய காலம் அது!

திராசியாவின் கடைசி நாட்களில் நிகழ்ந்த இரு செய்திகளை யான் மாணவர்க்குத் தவறாமல் சொல்வதுண்டு. ருஸ்திகஸ் என்னும் இளைஞர் அப்பொழுது மக்கட் பிரதிநிதியாக இருந்தார். மன்றத்தின் தீர்ப்பைத் தடுக்கும் உரிமை அப்பதவிக்கு உண்டு. "யான் தடுக்கின்றேன்" என்று அவர் முன்வந்தார். திராசியா இசையவில்லை. உனக்கு அழிவு, எனக்குப் பயனில்லை. என் வழியை யான் முடித்துவிட்டேன், நீயோ இப்பொழுதுதான் தொடங்குகின்றாய் என்னும் கருத்துப்பட விலக்கினார். அவர் மனைவி உடன் இறக்கத் துணிந்தபோதும், மகளுக்கு வேறு துணையில்லை, நீ வாழ் என்று தடுத்தார். தம்மளவில் அணுவும் இளகாத அவர், தம் மானத்தின் விலையைப் பிறர் செலுத்த ஒருப்படவில்லை.

ஒரு தலைமுறை கழித்து, அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற எபிக்தேத்தஸ் என்னும் ஆசிரியர் இதற்கு இலக்கணம் வகுத்தார். எல்லார்க்கும் ஒரே அளவுகோல் இல்லை என்றார். தன்னைத்தான் எவ்வளவு மதிக்கின்றான் என்பதை அவனவனே அறிவான். விற்பவர் வெவ்வேறு விலைக்குத் தம்மை விற்கின்றனர். விற்பதாயினும் அற்ப விலைக்கு விற்றுவிடாதே என்று மாணவரை எச்சரித்தார்.

நம் புலவர் நின்ற நிலை

யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து முசிறியிலிருந்து மிளகோடு பெயர்ந்த காலத்தை ஒட்டியே நம் சங்கப் புலவர் பலரும் வாழ்ந்தனர். ஸ்தோயிக்கரை அவர் கற்றிரார்; ஆயினும் அவர்முன் நின்ற வினா ஒன்றே. உரோமாபுரி அறிஞர்க்கேனும் நிலபுலம் இருந்தது. நம் புலவர்க்கோ புரவலன் வீட்டு வாயிலே வயல், பாட்டே ஏர். கொடுப்பவன் முகம் கோணினால் அடுப்பு எரியாது.

பெருஞ்சித்திரனார் வீட்டு நிலையை அவர் பாட்டுகளே சொல்லும். உப்பும் இன்றி வெந்த கீரை. பாலில்லாத மார்பைச் சுவைக்கும் குழந்தை. வெறும் பானையைத் திறந்து பார்த்து அழும் மகன். இத்தகைய வறுமையர் அதியமான் நெடுமானஞ்சியை நாடிச் சென்றார். அவன் நேரில் காணாமலே பொருள் கொடுத்தனுப்பினான். பொருளை வேண்டாம் என்று திருப்பிவிட்டார் புலவர். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு அதுபற்றியது. தம் புலமையை அறியாது தரும் பெரும்பரிசிலினும், அறிந்து தரும் சிறுபரிசில் தமக்கு இனியது என்பது அவர் கருத்து.

அவர் பரிசிலையே வெறுத்தவர் அல்லர் என்பதை இங்கே கருதல் வேண்டும். குமணனிடம் மகிழ்ந்து பெற்றார். பெற்றதை அண்டை அயலார்க்கெல்லாம் வாரிக் கொடுக்கும்படி மனைவிக்குச் சொன்னார். வாங்குவது இழிவன்று, ஒருவன் மதிப்பை விலையாகக் கொடுத்து வாங்குவதே இழிவு என்பது அவர் வகுத்த எல்லை.

சேரமான் கணைக்கால் இரும்பொறை அதற்கும் மேலே சென்றான். சோழனிடம் சிறைப்பட்டுக் குடவாயிற் கோட்டத்தில் கிடந்தவன், கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்து வந்தமையின் அதனைக் கையில் வைத்திருந்தும் பருகாமல், ஒரு பாட்டைச் சொல்லி உயிர் துறந்தான் என்று 74-ஆம் பாட்டின் குறிப்புக் கூறும். இது மானத்தின் சிகரம். சிகரத்தில் ஊர் அமைத்து எல்லாரும் குடியிருக்க முடியாது. ஆயினும் சிகரம் ஒன்று கண்ணுக்குத் தெரியாத நாட்டில் உயரம் என்பதே மறந்துபோகும்.

இவ்விருவர்க்கும் வேறானவர் கோவூர்கிழார். அவர் அரசரோடு நெருங்கிப் பழகியவர், அவைகளில் அமர்ந்தவர். கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இடப் புகுந்தபோது, இப்புலவர் குறுக்கே நின்றார். புறாவுக்காகத் தன்னுடம்பைத் தந்தவன் மரபில் வந்தவன் நீ என்று முதலில் சோழன் குலத்தைப் புகழ்ந்தார். பின், யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து மருண்டு நிற்கும் அக்குழந்தைகளைக் காட்டினார். இனி உன் விருப்பம் என்று நிறுத்தினார். பாடி உய்யக்கொண்டார் என்று 46-ஆம் பாட்டின் குறிப்புச் சொல்கின்றது. ஒற்றன் என்று ஐயுறப்பட்டுக் கொல்லப்படவிருந்த இளந்தத்தன் என்னும் புலவனையும் அவ்வாறே நெடுங்கிள்ளியிடமிருந்து காத்தார்.

கோவூர்கிழார் மானம் கருதி அரசவைப் பக்கமே போகாதிருந்தால் அச்சிறுவர் பிழைத்திருப்பரோ? அருகில் இருந்தமையால் தடுக்க முடிந்தது. செனக்காவும் இதே எண்ணத்தோடுதான் அரண்மனைக்குள் புகுந்திருப்பார். ஒருவர் தம் சொல்லை யானைக்கும் குழந்தைக்கும் நடுவே வைத்தார். மற்றவர் தம் சொல்லைப் பிணத்தின்மேல் போர்வையாகப் போர்த்தினார். அருகிலிருத்தல் இருவர்க்கும் பொது. சொல்லை எதற்குக் கொடுத்தனர் என்பதே வேறு.

எங்கள் ஊரில்

இனி, அண்மைக் காலத்துக்கு வருவோம். 1956-இல் 33-ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை இந்நாட்டின் ஒரே அரசகருமமொழி ஆக்கிற்று. 1961 முதல் அது முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அவ்வாண்டின் முற்பகுதியில் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின்முன் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். திருகோணமலைக் கச்சேரியின் முன்னும் இருந்தனர். அவ்வாண்டின் இறுதியில் திறைசேரிச் சுற்றறிக்கை வந்தது. அரசாங்க ஊழியர் சிங்களத்தில் வரையறுத்த தேர்ச்சி பெறாவிடில் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்றாயிற்று.

எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்கு 1962-இல் வரவேண்டிய சம்பள ஏற்றம் இதனால் நிறுத்தப்பட்டது. அவர் அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். 1964-இல் மாவட்ட நீதிமன்றம், அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவுக்கு மாறானது அச்சட்டம் என்று அவர் பக்கம் தீர்த்தது. 1967-இல் உயர்நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்காட முடியாது என்று அதனைத் தள்ளியது. 1969-இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்காடலாம் என்று தீர்த்து, சட்டம் செல்லுமா என்னும் மூல வினாவை மீண்டும் இங்கேயே அனுப்பியது. அதற்கு விடை கூறப்படவேயில்லை. 1971-இல் கோமறைக் கழகத்துக்கு முறையிடும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972-இல் புதிய அரசியலமைப்பு வந்தது. ஒரு தனி மனிதரின் சம்பள ஏற்றத்திலிருந்து எழுந்த வினா ஒரு நாட்டையே கேள்வி கேட்டு நின்றது. 1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகருமமொழி என்று ஏற்றது; அதற்கிடையில் ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது.

வழக்காடினவர் ஒருவர், வழக்காடாமல் தம் வீட்டுக்குள்ளேயே தீர்ப்பைத் தேடியவர் ஆயிரவர். எங்கள் குடும்பத்தில் இருவர் இருந்தனர். 1957-இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துப் போனபின், கப்பற்பட்டறையை நம்பியிருந்த பல வீடுகளில் வருவாய் நின்ற காலம் அது. எழுதுவினைஞர் வேலை பெரும்பேறு. என் பெரியப்பாவும் மாமாவும் ஒரே அலுவலகத்தில் அருகருகே இருந்து எழுதியவர்கள். பெரியப்பா தேர்வுக்கு இருக்க மறுத்துச் சில ஆண்டுகளில் வேலையையும் விட்டார். அவருடைய மூத்த மகன் படிப்பை நிறுத்திக் கடையில் கணக்கெழுதப் போனார். மாமா சிங்களம் கற்றார், தேறினார், இருந்தார். ஊரில் சிலர் அவரைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை.

ஆனால் மாலைதோறும் மாமா வீட்டுத் திண்ணையில் ஆட்கள் காத்திருப்பார்கள். அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் விளங்காத மீனவர், ஓய்வூதியம் நின்றுபோன கைம்பெண், காணி உறுதி கொண்டு வந்த கிழவர். கடிதத்தைப் படித்துச் சொல்லி, மறுமொழியும் எழுதிக் கொடுப்பார். ஒரு சதமும் வாங்கமாட்டார். ஒருமுறை மேலதிகாரி ஒருவர், அங்குள்ள தமிழ் ஊழியர் யாவரும் மனமுவந்தே அம்மொழியைக் கற்றனர் என்று எழுதிய அறிக்கையில் கையொப்பமிடச் சொன்னாராம். மாமா கையொப்பமிடவில்லை. "நான் படிச்சது உண்மை, மனமுவந்து எண்டது பொய்" என்றாராம். அடுத்த மாதம் தொலைவிலுள்ள ஓர் ஊருக்கு மாற்றப்பட்டார்.

பெரியப்பா முதுமையில் இருந்தபோது, யான் இளைஞர்க்குரிய துணிவோடு, மாமா செய்தது சரியோ என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, நான் இழந்தது என்ர சம்பளத்தை, உங்கட மாமா இழந்தது தன்ர பேரை. எது பெரிசெண்டு என்னால சொல்லேலாது. பெடியன்ர படிப்பு போனதுக்கு மட்டும் நான் இண்டைக்கும் கணக்குத் தீர்க்கேல்லை."

திராசியா தம் மகளை நினைத்த இடமும், பெரியப்பா தம் மகனை நினைத்த இடமும் ஒன்றே. மானத்தைக் காத்தவர்க்கும் செலவுக் கணக்கு உண்டு. அதனை மறைக்காமல் சொல்வதே அவர் மானத்துக்கு அழகு.

துணிபு

இவற்றால் யான் தெளிந்தவை மூன்று. முதலாவது, விலையை யார் செலுத்துகின்றார் என்று பார்த்தல். வீரம் என்னுடையதும் இழப்புப் பிறருடையதும் ஆயின், அவ்வீரத்தை இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது, வளைந்ததனால் வந்த பயன் யார் வீட்டுக்குப் போயிற்று என்று பார்த்தல். மாமாவின் தேர்ச்சி திண்ணையில் காத்திருந்தவர்க்கும் பயன்பட்டது. செனக்காவின் செல்வாக்கோ நாளடைவில் பெரிதும் செனக்காவுக்கே பயன்பட்டது.

மூன்றாவதே முடிவானது. வளைந்ததை நேர் என்று சொல்லாதிருத்தல். கையால் ஒரு வேலையைச் செய்யலாம். காலால் ஓர் இடத்தில் நிற்கலாம். நெருக்கடியில் இவை மன்னிக்கத்தக்கன. பொய்யை மெய் என்று ஒருவன் தன் சொல்லால் நிறுவிக் கொடுத்தபின் அவனிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. அன்றுதான் நங்கூரம் கிளர்கின்றது. பிறமொழி கற்றல் இழிவன்று, அது செல்வம். கட்டாயத்தை விருப்பம் என்று எழுதிக் கொடுப்பதே இழிவு. மாமா அவ்வெல்லையை அறிந்திருந்தார். பெரும் நூல்களை எழுதிய செனக்கா, அத்திருமுகத்தை எழுதிய நாளில் அதனை மறந்தார்.

இன்றைய இளைஞர்க்கு நீரோவும் இல்லை, யானைக்காலும் இல்லை. ஆயினும், நடவாத கூட்டம் நடந்ததாக எழுதிய பதிவேடு, வாராத பொருள் வந்ததாகக் காட்டும் பற்றுச்சீட்டு, தகுதியில்லாதவனுக்குத் தகுதி கூறும் நற்சான்று ஆகியவை ஒவ்வோர் அலுவலகத்திலும் கையொப்பத்துக்குக் காத்திருக்கின்றன. "எல்லாரும் போடுகின்றார்கள், நீயும் போடு" என்று அருகிலிருப்பவர் சொல்வர். வேலையை விட்டுவிடு என்று யான் எவர்க்கும் சொல்லமாட்டேன். வீட்டில் உலை வைப்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. பேனாவை எடுக்குமுன் அத்தாளில் எழுதியிருப்பதை ஒருமுறை முழுதும் படித்துப் பார் என்று மட்டும் சொல்வேன். அது மெய்யாயின் கையொப்பமிடுக. பொய்யாயின், அதன் விலை எவ்வளவு என்று கேளாதே. பேனாவை மூடி வைத்துவிடு.